ஓயாது ஓடும் ஒரு சொல்

ஆங்கில மொழியைக் கற்கப் புகும் மாணாக்கர் பலரிடத்தே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. நெடிய சொற்களே கடினமானவை, குறுகிய சொற்கள் எளியன என்பதே அவ்வெண்ணம். பத்துப் பன்னிரண்டு எழுத்துக்களாலாகிய சொல்லொன்றைக் கண்டதும் அவர்கள் அகராதியை நாடுகின்றனர். மூன்றெழுத்துச் சொல்லைக் கண்டால், 'இஃது அறிந்ததுதானே' என்று கடந்து செல்கின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஒளித்தொகுப்பைக் குறிக்கும் நீண்ட ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் ஒன்றே. அதனை ஒருமுறை கற்றவருக்கு அதனால் வேறு தொல்லை இல்லை. ஆனால், முதலாண்டுப் பாடநூலிலேயே வந்துவிடும் 'ரன்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை வாழ்நாள் முழுவதும் கற்றாலும் அது கற்று முடிந்த சொல் ஆகாது.

இது மிகைபடக் கூறிய கூற்றன்று. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 1884ஆம் ஆண்டு முதல் 1928ஆம் ஆண்டு வரை பகுதி பகுதியாக வெளிவந்து முதற் பதிப்பாக நிறைவெய்தியது. அப்பதிப்பிலும், 1989ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பிலும் மிக நீண்ட இடத்தைப் பெற்றிருந்தது 'செட்' என்னும் சொல். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை நடைபெறும் காலத்தில், முதலில் 'மேக்' என்பதும், பின்னர் 'புட்' என்பதும் அதனை முந்தின. 2011ஆம் ஆண்டில் 'ரன்' இவை யாவற்றையும் முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருட் பிரிவுகள் அங்கே வகுக்கப்பட்டன. அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவர் இவ்வொரு சொல்லுக்காக ஏறக்குறைய ஒன்பது மாதம் உழைத்தார்.

இத்தொல்லை புதியதுமன்று. 1755ஆம் ஆண்டில் தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையிலே தம்மைப் பெரிதும் வருத்திய வினைச்சொற்கள் சிலவற்றை நிரல்படுத்துகின்றார். அருஞ்சொற்கள் எவையும் அந்நிரலில் இல்லை. வருதல், விழுதல், கொடுத்தல், எடுத்தல் முதலிய அன்றாட வினைகளே அங்கு உள்ளன. 'ரன்' என்பதும் அவற்றுள் ஒன்று. மொழியில் வல்லவரான ஜோன்சனையே மலைக்கவைத்த சொல்லை, மூன்றாம் வகுப்புச் சிறுவன், 'ரன் என்றால் ஓடு' என்று ஒரே வரியில் எழுதி மனனஞ் செய்துகொள்கிறான். பின்னாளில் அவன் படும் இடர்கள் பல அவ்வொரு வரியிலிருந்தே தொடங்குகின்றன.

இத்துணைப் பொருள்கள் ஒரு சொல்லிலே வந்து குவிந்தமை எவ்வாறு? இதற்கு முதற் காரணம் அச்சொல்லின் பிறப்பிலேயே உள்ளது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு இனமான வினைகள் இரண்டு இருந்தன. ஒன்று, தானே ஓடுதலையும் ஒழுகுதலையும் குறித்தது. மற்றொன்று, பிறிதொன்றை ஓடச் செய்தலைக் குறித்தது. உறவு மொழியாகிய ஜேர்மன் மொழியிலே 'ரின்னன்', 'ரென்னன்' என இரு வினைகள் இன்றும் தனித்தனியே வழங்குகின்றன. ஆங்கிலத்திலோ காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே வடிவம் பெற்றன.

தமிழ் மாணாக்கனுக்கு இதனை விளக்குதல் அரிதன்று. 'ஓடு' என்பது தன்வினை. 'ஓட்டு' என்பது பிறவினை. குதிரை ஓடுகிறது, பாகன் ஓட்டுகிறான். தமிழில் இவ்விரண்டையும் ஓர் ஒற்றெழுத்து வேறுபடுத்துகின்றது. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே 'ரன்' என்பது ஓடுதலுமாம், ஓட்டுதலுமாம். தொழிற்சாலை 'ரன்' ஆகிறது. அதன் உரிமையாளரும் அதனை 'ரன்' செய்கிறார். இவ்வொன்றை உணர்ந்தாலே அச்சொல்லின் பொருள்களில் ஏறத்தாழப் பாதிக்கு வாயில் திறந்துவிடும்.

ஈண்டு ஒரு சுவையான செய்தியையும் குறிப்பிடலாம். தமிழகத்தார் 'கார் ஓட்டுகிறான்' என்பர். யாழ்ப்பாணத்திலோ, 'அவன் நன்றாகக் கார் ஓடுவான்', 'பிள்ளை சைக்கிள் ஓடப் பழகுகிறது' என்பதே வழக்கு. இதனைக் கேட்கும் தமிழகத்து விருந்தினர், காரின் பின்னே அவன் ஏன் ஓடுகிறான் என்று வியப்பதுண்டு. தன்வினை வடிவமே பிறவினைப் பொருளையும் தாங்கி நிற்கும் இவ்வழக்கு, ஆங்கிலத்தின் 'ரன்' நடந்து வந்த வழியிலே ஓரடி வைத்திருப்பது போல்கின்றது.

இரண்டாவது காரணம், ஓட்டம் என்னும் கருத்தின் இயல்பு. கால்களை வேகமாக எடுத்து வைத்தல் என்பது அதன் வெளித்தோற்றம் மட்டுமே. தடைப்படாமல் ஒரு வழியே தொடர்ந்து செல்லுதல் என்பதே அதன் உட்கரு. கால்களை நீக்கிவிட்டு அவ்வுட்கருவை மட்டும் பற்றிக்கொண்டால், அச்சொல் எங்கும் செல்ல வல்லதாகின்றது. நீர் ஓடுகிறது. மலைநாட்டிலே பிறக்கும் மகாவலி கங்கை, திருகோணமலைப் பக்கத்திலே கடலோடு கலக்கும்வரை 335 கிலோமீற்றர் தொலைவு ஓடுகிறது; அதற்குக் கால்கள் இல்லை. காலமும் அவ்வாறே ஓடுகிறது. ஐந்தாண்டுக் குத்தகை ஒன்று, கையொப்பமிட்ட நாள் முதல் முடியும் நாள் வரை 'ரன்' ஆகின்றது என ஆங்கிலச் சாசனம் கூறும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி 'ரன்' செய்கின்றது எனவும் ஆங்கிலத்தில் எழுதுவர். வீதி அசைவதில்லை, அதன்வழியே பார்வைதான் தொடர்ந்து செல்கின்றது.

மூன்றாவது காரணம் இயந்திரம். இச்சொல்லின் பெருக்கத்துக்குப் பொறிகளின் வருகையே பெரிதும் துணைசெய்தது என அகராதி வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுவர். 1830ஆம் ஆண்டில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. நெசவாலைகளும் அச்சியந்திரங்களும் இரவு பகலாக ஓடின. இலங்கையிலும் 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதற் புகையிரதம் ஓடியது. புதுப்பொருள் ஒவ்வொன்றும் வந்தபோது, அதன் இயக்கத்தைக் குறிக்கப் புதுச்சொல் ஆக்காமல், ஆங்கிலேயர் கைக்கெட்டிய பழஞ்சொல்லையே எடுத்து ஆண்டனர். இன்று கணினியில் நிரல் ஒன்றை இயக்குதலுக்கும் அதே சொல்லே வழங்குகின்றது.

இவ்வாறு பரவிய சொல், சில இடங்களில் ஓட்டமே இல்லாத நிலையையும் குறிக்கத் தலைப்பட்டமை பெரிதும் வியக்கத்தக்கது. துடுப்பாட்டத்தை எடுத்துக்கொள்க. ஓரெல்லையிலிருந்து மறு எல்லைக்கு ஓடுவதால் பெறும் புள்ளிக்கு 'ரன்' என்று பெயர். தமிழ் ஒலிபரப்பிலும் 'ஓட்டம்' என்றே கூறுவர். 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி லாகூரிலே நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்றார். அவற்றுள் பல, பந்து எல்லைக்கோட்டைக் கடந்ததனால் கிடைத்தவை. எல்லைக்கோட்டைக் கடந்த பந்துக்கு நான்கு அல்லது ஆறு ஓட்டங்கள். ஆனால் அவற்றுக்காக எவரும் ஓடவேண்டியதில்லை.

இனி வங்கியைப் பார்ப்போம். வைப்பிட்ட பணம் மீளாதோ என அஞ்சி மக்கள் ஒருங்கே திரண்டு அதனை மீளப் பெற முயல்வதற்கும் 'ரன்' என்பதே பெயர். 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியாவின் நோர்தேர்ன் ரொக் வங்கிக் கிளைகளின் முன்னே மக்கள் நீண்ட வரிசைகளிற் காத்து நின்றனர். ஓட்டம் என்னும் பெயரைப் பெற்ற அந்நிகழ்ச்சியில் மக்கள் செய்தது மணிக்கணக்காக நின்றதே. தேர்தலிலோ இரு நாட்டு ஆங்கிலமும் எதிரெதிராகச் செல்கின்றன. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு 'ரன்' செய்கிறார், அஃதாவது ஓடுகிறார். பிரித்தானியாவில் அவரே 'ஸ்டான்ட்' செய்கிறார், அஃதாவது நிற்கிறார். 'தேர்தலில் நிற்கிறார்' என்னும் தமிழ் வழக்கு பிரித்தானிய வழக்கோடு ஒத்திருக்கின்றது. நிற்றலும் ஓடுதலும் ஒரே செயலைக் குறிக்கும் இடம் இதுவாகும்.

இடப்பெயர்களும் கற்போரை மயக்கவல்லன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861ஆம் ஆண்டிலும் 1862ஆம் ஆண்டிலும் வேர்ஜீனியாவிலே நடந்த இரு சமர்கள் 'புல் ரன்' சமர்கள் எனப்படும். எருதோட்டம் எனத் தமிழாக்கினால் பெரும் பிழையாகும். அமெரிக்காவின் அப்பகுதிகளில் சிற்றோடைக்கு 'ரன்' என்று பெயர். 'புல் ரன்' என்பது அங்குள்ள ஓர் ஓடை. தமிழிலும் ஓடுதலிலிருந்தே 'ஓடை' பிறந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

நேயர்களே, இதுகாறும் கூறியவை சொல்லின் தனிவாழ்வு. அதன் கூட்டு வாழ்வு இன்னும் நுட்பமானது. 'ரன்' என்பதற்குப் பின்னே வரும் சிறு சொல் ஒவ்வொன்றும் அதன் பொருளைத் திருப்பிவிடுகின்றது. 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராது ஒருவரைச் சந்தித்தல்; சில இடங்களில் மோதுதல். 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஒருவர்மேல் ஏறுதல். குறிப்புக்களை ஒருமுறை விரைந்து பார்த்தலுமாம். 'ரன் டவுன்' என்றால் நலிவுறச் செய்தல். ஒருவரை இழித்துப் பேசுதலுமாம். 'ரன் அப்' என்பது கடன் முதலியவற்றைப் பெருகவிடுதல். 'ரன் அவுட் ஒவ்' என்பது கையிருப்பு முடிந்துபோதல். இவற்றை நிகண்டுபோல மனனஞ் செய்து பயனில்லை. வாக்கியத்தோடு சேர்த்தே உணரவேண்டும். வீட்டிலிருந்து வெளியே ஓடியதும், வீட்டிலே அரிசி முடிந்துபோனதும் ஆங்கிலத்தில் ஒரே தொடராலேயே கூறப்படுகின்றன. எந்தப் பெயர்ச்சொல் அருகில் நிற்கிறது என்பதே பொருளைத் துணியும்.

இங்கேதான் இச்செய்தி வெறும் சொல்லாராய்ச்சியாக நில்லாமல் வாழ்க்கையைத் தொடுகின்றது. 'வி ஹாவ் ரன் அவுட் ஒவ் ரைஸ்' என்னும் வாக்கியத்தை, 'நாங்கள் அரிசியிலிருந்து வெளியே ஓடினோம்' என்று ஒரு மாணாக்கன் மொழிபெயர்த்தால், வகுப்பே சிரிக்கும். ஆனால் அவன் மூடனல்லன். 'ரன்' என்றால் ஓடு, 'அவுட்' என்றால் வெளியே, 'ரைஸ்' என்றால் அரிசி என்று பாடசாலை கற்பித்ததை ஒன்றுவிடாது அவன் பின்பற்றியிருக்கிறான். பிழை அவன் கற்ற முறையிலே உள்ளது. அன்று எழுந்த சிரிப்பு அடங்கிவிடும். ஆனால், மறுநாள் முதல் அவன் வாய் திறவாதிருந்தால் அவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று. ஊர்ப் பாடசாலைகளிலே ஆங்கிலப் பாடவேளை முழுவதும் தலைகுனிந்திருக்கும் பிள்ளைகளுட் சிலர் இவ்வாறு ஒருநாட் சிரிப்பினால் ஊமைகளானவர்களே.

பரீட்சைக்கு அப்பாலும் இதன் பயன் உண்டு. தீப்பட்ட இடத்தைக் குளிர்ந்த 'ரன்னிங் வோட்டர்' கீழே 20 நிமிடம் பிடிக்கவேண்டும் என முதலுதவி நூல்கள் கூறுகின்றன. இதன் பொருள், குழாயிலிருந்தோ குடத்திலிருந்தோ இடைவிடாது விழும் நீர் என்பதாம். கிண்ணத்திலே தேங்கிய நீர் காயத்தின் வெப்பத்தால் தானும் விரைவில் சூடாகிவிடும். ஓடும் நீரோ வெப்பத்தைத் தொடர்ந்து அகற்றும். அவ்வொரு சொல்லைக் கவனியாது கடந்தவர் அறிவுரையின் உயிரையே தவறவிட்டவராவார். அதே 'ரன்னிங் வோட்டர்' வாடகை வீட்டு விளம்பரத்தில் வந்தால், வீட்டருகே ஆறு ஓடுகிறது என்பது பொருளன்று. குழாய்நீர் வசதி உண்டு என்பதே பொருள். துணியிலே தைக்கப்பட்ட சிறு சீட்டில், அதன் நிறம் 'ரன்' ஆகலாம் என்றிருந்தால், சாயம் கரைந்து பிற துணிகளிற் பரவும் என்று கொள்க. சாயம் போகாத துணிக்கு 'பாஸ்ட்' நிறமுடையது என்பர். விரைவைக் குறிக்கும் 'பாஸ்ட்' என்னும் சொல்லுக்கு உறுதி என்னும் பழம்பொருளும் உண்டு. ஆகவே, 'பாஸ்ட்' ஆன நிறம் 'ரன்' ஆகாது! இதனை அறியாதவரின் வெள்ளைச் சட்டை ஒருநாட் சலவையிலே செந்நிறமாகிவிடும்.

ஆங்கிலம் மட்டுமே இவ்வாறு குழப்பம் விளைக்கின்றது என்று தமிழ்ப் பிள்ளை எண்ண வேண்டியதில்லை. அவன் நாவிலே நாள்தோறும் புரளும் 'ஓடு' என்னும் சொல் இதற்குச் சற்றும் இளைத்ததன்று. மணிக்கூடு ஓடுகிறது. நரம்பிலே இரத்தம் ஓடுகிறது. மண்ணுக்குள்ளே வேர் ஓடுகிறது. மனத்திலே எண்ணம் ஓடுகிறது. துயரம் மிகுந்தால் ஒன்றும் ஓடவில்லை. திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. வருவாய் குறைந்தவர் குடும்பத்தை ஒருவாறு ஓட்டுகிறார். கால்களில்லாப் பொருளுக்கு இவ்வினையைக் கூறுவதும் நேற்று வந்த வழக்கன்று. திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்திலே தேருக்கும் கப்பலுக்கும் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது.

பெயர்ச்சொல்லாகிய 'ஓட்டம்' இன்னும் வளமுடையது. நீரோட்டம், மின்னோட்டம், தேரோட்டம், கண்ணோட்டம் எனப் பல்கிப் பெருகுகின்றது. புதுத்தேரைத் திருவிழாவுக்கு முன்னரே ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை 'வெள்ளோட்டம்' என்பர். ஆங்கிலேயர் புதுப்பொறியைச் சோதித்துப் பார்ப்பதற்கு 'ட்ரையல் ரன்' என்பர். இரு மொழியினரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே கருத்தை அடைந்திருக்கின்றனர். இலங்கையில் வழங்கும் 'வயிற்றோட்டம்' என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்க. ஆங்கிலேயர் பேச்சு வழக்கிலே அந்நோய்க்கு 'ரன்ஸ்' என்றே பெயர். ஆயினும் ஒற்றுமை எங்கும் தொடர்வதில்லை. ஆங்கிலத்தில் காய்ச்சல் 'ரன்' ஆகும். தமிழிலோ காய்ச்சல் காயும். ஆங்கிலத்தில் வீதி ஓடும். தமிழில் வீதி செல்லும். ஒத்த இடங்களை அறிந்து மகிழ்வதும், ஒவ்வாத இடங்களை அறிந்து விழிப்பாயிருப்பதும் மொழி கற்போர்க்கு ஒருங்கே வேண்டியனவாம்.

ஆதலின், இத்தகைய சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணாக்கரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. முதலாவது, ஓடுவது யார் அல்லது எது? மனிதனா, நீரா, காலமா, பொறியா? இரண்டாவது, அது தானே ஓடுகிறதா, பிறரால் ஓட்டப்படுகிறதா? மூன்றாவது, அச்சொல்லுக்குப் பின்னே எந்தச் சிறு சொல் நிற்கின்றது? ஒருவர் கடை ஒன்றை 'ரன்' செய்கிறார் என்னும் வாக்கியத்தில் இவ்வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். இயங்குவது கடை, அதனை இயக்குபவர் ஒருவர் இருக்கிறார், பின்னே சிறு சொல் எதுவுமில்லை. ஆகவே, 'கடை நடத்துகிறார்' என்னும் பொருள் எளிதிலே கிடைத்துவிடுகின்றது. அகராதியைத் திறவாமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். அதன் பின்னர் அகராதியைத் திறந்தால், முதற் பொருளோடு மூடிவிடாமல், வாக்கியத்துக்கு இயைந்த பொருள் எதுவெனத் தேடும் பொறுமையும் வந்துவிடும்.

மாணாக்கர் தம் குறிப்பேட்டிலே சொல்லுக்கு எதிரே சொல்லை எழுதுவதைக் காட்டிலும், வாக்கியத்துக்கு எதிரே வாக்கியத்தை எழுதுதல் சிறந்தது. 'ரன்' என்னும் சொல்லுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கிவிடலாம். செய்தித்தாளிலோ வானொலியிலோ அச்சொல் புதுப்பொருளில் வருந்தோறும், வந்த வாக்கியத்தை அவ்வாறே அங்கு எழுதி, அதன் பொருளைத் தமிழிலே ஒரு வாக்கியமாக எழுதவேண்டும். கிழமைக்கு இரண்டு வாக்கியம் சேர்ந்தாலும் ஓராண்டில் நூறு சேர்ந்துவிடும். அடுத்த பக்கத்தை 'செட்' என்பதற்கும், அதற்கடுத்ததை 'டேக்' என்பதற்கும் ஒதுக்கலாம். ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பவை இத்தகைய சிறு சொற்களே. அவை கைவந்த பிள்ளை, பெருஞ்சொற்களைக் கண்டு கலங்குவதில்லை.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கூறவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பிழைபடக் கூறும்போது, அப்பிழையினுள்ளே மறைந்திருக்கும் முயற்சியையும் காணவேண்டும். 'நீ சொன்ன பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆனால் இவ்விடத்திற்கு உரியது வேறு' என்று கூறிப் பாருங்கள். அப்பிள்ளை அடுத்த வாக்கியத்தையும் துணிந்து மொழிபெயர்க்க முன்வரும்.